உலகுக்கு ஒரு முதல்வன் உண்டோ?

(மன்றத்தின் மாலைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், இவ்வுலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பது. நாற்பது ஐம்பது ஆண்டுகளாகத் திருநீறு பூசி வரும் பெரியோர்களுக்கு இது பேச வேண்டிய பொருளாகவே தோன்றாதிருக்கலாம். ஆயினும், சென்ற வகுப்பு முடிந்ததும் மாணவர் ஒருவர் எழுந்து கேட்ட வினா நம்மை உறங்கவிடவில்லை. “ஐயா, பானைக்குக் குயவன் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வயலிலே நெல்லுக்கு நடுவே கோரை முளைக்கிறதே, அதை விதைத்தவன் யார்?” என்றார் அவர். பிறகு சற்றுத் தயங்கி இன்னொன்றும் கேட்டார். அந்த இரண்டாம் வினாவைப் பின்னர் சொல்லுவோம். முதல் வினாவுக்கே அன்று நாம் நேரான விடை சொல்லவில்லை. “நேரமாகிவிட்டது” என்று சொல்லித் தப்பினோம். இளைஞர்கள் வினாவுவது நாத்திகம் என்று அவர்களை அதட்டி இருத்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது தவறு. மெய்கண்ட தேவரின் நூலே வினாவும் விடையுமாக விரியும் தருக்க நூல் அல்லவா?

அயலிலுள்ள ஒன்றிலிருந்தே தொடங்குவோம். நம் வயல்களுக்கு நீர் தருவது கந்தளாய்க் குளம். அதைக் கட்டியவர் யார்? கோணேசர் கல்வெட்டு என்னும் நம் நூல் குளக்கோட்டு மன்னன் என்று சொல்லும். சூளவம்சமோ இரண்டாம் அக்கபோதி என்ற மன்னனின் பெயரைச் சொல்லும். அறிஞர்கள் இதுபற்றி இன்னும் வழக்காடுகிறார்கள். ஆனால் இவ்வழக்கில் ஒன்றைக் கவனியுங்கள். கட்டியவர் எவர் என்பதிலேதான் பிணக்கு. “எவரும் கட்டவில்லை, மழையிலே மண் தானாகச் சரிந்து, கட்டாகி, மதகாகி, வாய்க்காலாகிக் கிடந்தது” என்று இரு கட்சியிலும் ஒருவரும் வாதிக்கவில்லை. கட்டினவனை ஒருவரும் கண்டதில்லை. கண்டது கட்டை மாத்திரமே. கட்டைக் கண்டே கட்டினவனைத் துணிகிறோம். காணப்பட்ட காரியத்தைக் கொண்டு காணப்படாத காரணத்தைத் துணிவதையே நம் நூலோர் அநுமானம், கருதலளவை என்றார்கள்.

அப்படியானால் உலகமும் ஒரு குளம் போன்றது, ஆகவே கட்டினவன் உண்டு என்று முடித்துவிடலாமா? முடியாது. ஸ்கொத்லாந்து நாட்டுத் தத்துவஞானி டேவிட் ஹியூம் இவ்விடத்திலே குறுக்கிட்டார். அவர் இறந்தபின் 1779இல் வெளிவந்த நூலிலே இந்த மறுப்பு இருக்கிறது. மனிதர் குளம் கட்டுவதையும் வீடு கட்டுவதையும் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஆதலால் புதிதாக ஒரு வீட்டைக் கண்டால் கொத்தனை நினைக்கிறோம். உலகங்கள் படைக்கப்படுவதை எவர் கண்டார்? ஒரே ஓர் உலகத்தை வைத்துக்கொண்டு அதற்கும் கொத்தன் உண்டென்று எப்படித் துணிவது? இது ஏளனமான கேள்வி அன்று, கூர்மையான கேள்வி.

இங்கிலாந்திலே வில்லியம் பேலி என்ற பாதிரியார் 1802இல் வெளியிட்ட நூலில் கடிகாரத்தை உவமை காட்டினார். கடிகாரத்தின் நுட்பத்தைக் கண்டு கடிகாரக்காரனைத் துணிவதுபோல, கண்ணின் நுட்பத்தைக் கண்டு கடவுளைத் துணிக என்றார். 1859இல் டார்வின் தம் நூலை வெளியிட்டபின் அந்த வாதம் தளர்ந்தது. கண்ணின் நுட்பம் பல இலட்சம் தலைமுறைகளிலே சிறிது சிறிதாக அமையக்கூடியது என்று அவர் காட்டினார். நம் மேடைகளிலும் சிலர் மயிலின் தோகையையும் மாம்பழத்தின் சுவையையும் காட்டிக் கடவுளை நிறுவ முயல்கிறார்கள். கேட்க இனிமையாயிருக்கும், ஆனால் மயிலைக் காட்டினால், எதிரே இருப்பவன் நுளம்பைக் காட்டுவான்.

மெய்கண்டார் மயிலையும் காட்டவில்லை, மாம்பழத்தையும் காட்டவில்லை என்பது நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே திருவெண்ணெய்நல்லூரில் இருந்து பன்னிரண்டு சூத்திரங்களாலே சித்தாந்தம் முழுவதையும் சொன்ன அப்பெரியார், முதற் சூத்திரத்தை உலகின் அழகிலே தொடங்கவில்லை. உலகின் அழிவிலே தொடங்கினார். அவன் என்றும் அவள் என்றும் அது என்றும் நாம் விரல் நீட்டிச் சுட்டும் பொருள் யாவும் தோன்றுகிறது, சிலகாலம் நிற்கிறது, ஒடுங்குகிறது. இந்த மூன்று நிலையும் உடையது தன்னாலே இயங்குவதன்று. ஆகவே இதனை இயக்குவான் ஒருவன் உண்டு. எல்லாம் ஒடுங்கும்போது தான் ஒடுங்காது நிற்பவன் எவனோ, அவனே முதல்வன். வாதத்தின் எலும்பு இவ்வளவுதான். இதிலே உலகம் அழகாயிருக்கிறது என்ற பேச்சே இல்லை. நுளம்பும் தோன்றி, நின்று, ஒடுங்குவதுதான்.

உலகாயதன் இங்கே ஒரு தடை எழுப்புவான். “தனித்தனிப் பொருள்கள் தோன்றி அழியட்டும். உலகம் என்ற மொத்தம் என்றும் உள்ளதாயிருக்கலாமே? ஒரு மரம் விழ இன்னொரு மரம் முளைக்கிறது. காடு காடாகவே இருக்கிறது.” இதற்கு விடை நம் வயலிலே இருக்கிறது. முதலிலே ஒரு கதிர் முற்றுகிறது, பிறகு இன்னொன்று, பிறகு பத்து. அவற்றை மாத்திரம் கண்டவன், வயல் என்றும் பச்சையாகவே நிற்கும் என்று எண்ணலாம். ஆனால் பெரும்போகம் முடிகிறபோது வெளி முழுவதும் ஒரேயடியாக வெட்டப்பட்டு அரிதாளாய்க் கிடக்கிறது. பகுதிகள் எந்த இயல்பினவோ, அப்பகுதிகளாலாகிய மொத்தமும் அந்த இயல்பினதே. உறுப்புக்கள் அழிய, உறுப்புக்களாலாகிய முழுமை மாத்திரம் அழியாது என்று சொல்வதற்கு ஆதாரம் வேண்டும்.

இனிக் கோரைக்கு வருவோம். இந்தத் தடை நம் மாணவர் புதிதாகக் கண்டுபிடித்ததன்று என்று சொன்னால் அவர் வருந்தக்கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வடநாட்டில் நியாய நூலார்க்கும் புத்த சமயத்தார்க்கும் இடையே நடந்த வழக்கு இது. உதயணர் என்னும் நியாய ஆசிரியர் கடவுள் உண்மையை நிறுவுதற்கென்றே நியாய குசுமாஞ்சலி என்ற தனி நூல் செய்தார். அந்த மரபிலே பானையை உவமையாக வைத்தார்கள். நிறுவ எடுத்துக்கொண்ட பொருளாகவோ மண்ணையும் முளையையுமே வைத்தார்கள். அதாவது, விதைத்தவன் கண்ணுக்குத் தெரியாத முளைதான் வழக்குக்குரிய பொருள். அதையே எதிர்ச்சான்றாகக் காட்டுவது, வழக்கிலிருக்கும் காணியை வழக்குத் தீருமுன் எனது என்று உழுவதைப் போலாகும். கோரையை மனிதன் விதைக்கவில்லை, உண்மை. ஆனால் விதை, மண், நீர், வெயில் நான்கும் ஓரிடத்திலே கூடிய பின்னன்றோ அது முளைத்தது? இந்நான்கில் ஒன்றுக்கேனும் மற்றதைப்பற்றி அறிவுண்டோ? அறிவில்லாத நான்கு, தம்முள் பேசிக்கொள்ளாமலே ஒரு காரியத்துக்குக் கூடுகின்றன. கூட்டிவைத்த அறிவு அவற்றிலே இல்லை. எங்கே என்பதே கேள்வி.

அவை தம் இயல்பினாலே கூடின என்று சொல்லலாம். அப்படிச் சொல்பவரை நாம் மதிக்கிறோம். நம் சமயங்களுக்குள்ளேயே அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். சாங்கியர் மூலப்பிரகிருதியே உலகாய் விரியும் என்றனர். மீமாஞ்சகரோ உலகம் ஒருபோதும் இல்லாமலிருந்ததில்லை, வினையே பயனைத் தரும், தனியே ஒரு கர்த்தா வேண்டியதில்லை என்றனர். வேதத்தைத் தலைமேற் கொண்டவர்களே இவ்வாறு சொன்னார்கள் என்பதை இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். இவர்களுக்குச் சித்தாந்தம் சொல்லும் விடை சுருக்கமானது. மாயை சடம், வினையும் சடம். கடன் சீட்டிலே தொகையும் தவணையும் எழுதியிருக்கலாம். சீட்டு எழுந்து நடந்து போய்க் கடனை வாங்கி வருவதில்லை. வினை அந்தச் சீட்டு. உயிர் அறிவுடையதுதான், ஆனால் உடம்பும் கருவியும் இன்றி அதற்கு அறிவு விளங்குவதில்லை. தனக்குரிய உடம்பைத் தானே செய்துகொண்டு பிறந்த உயிர் எங்கே உண்டு? ஆகவே சடமாகிய இரண்டும், கட்டுண்ட ஒன்றும் நீங்கலாக, கட்டில்லாத ஓர் அறிவு வேண்டப்படுகிறது. அதையே பதி என்கிறோம்.

இவ்விடத்திலே, படைப்பு என்று நாம் சொல்லும்போது என்ன கருதுகிறோம் என்பதைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஒன்றுமில்லாத சூனியத்திலிருந்து உலகம் வந்தது என்று சைவ சித்தாந்தம் சொல்வதில்லை. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பது நம் கொள்கை. பானைக்கு மண் முதற்காரணம், தண்டு சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகுக்கு மாயை முதற்காரணம், இறைவனுடைய சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. ஆதலால், “எல்லாவற்றுக்கும் கர்த்தா வேண்டுமென்றால் கடவுளுக்குக் கர்த்தா யார்?” என்று சிலர் கேட்டுச் சிரிப்பது நம்மைத் தொடாது. உள்ளன எல்லாவற்றுக்கும் கர்த்தா வேண்டும் என்று மெய்கண்டார் எங்கே சொன்னார்? தோன்றி ஒடுங்குவதற்கே கர்த்தா வேண்டும் என்றார். உயிருக்குக்கூட நாம் படைத்தவனைச் சொல்லவில்லையே! உயிருக்கு உடம்பையும் கருவியையும் உலகத்தையும் நுகர்ச்சியையும் கொடுத்தவன் என்றே சொல்கிறோம்.

குயவனுக்குக் கையுண்டு, கடவுளுக்குக் கையுண்டோ என்று கேட்பாரும் உளர். உங்கள் வலக்கையை உயர்த்துங்கள். எந்தக் கையைக் கொண்டு அதை உயர்த்தினீர்கள்? உருவமில்லாத உயிர், வேறு கருவியின்றி, நினைத்த மாத்திரத்தில் உடம்பை அசைக்கிறது. இதை நாள்தோறும் செய்யும் நாம், உருவமில்லாத இறைவன் உலகை அசைப்பது எப்படி என்று வியக்கிறோம்.

விஞ்ஞானம் படிக்கும் இளைஞர்கள் இதற்குள் பொறுமையிழந்திருப்பார்கள். அவர்களுக்காகவும் சிறிது சொல்லுவோம். பெல்ஜியம் நாட்டு விஞ்ஞானியும் கத்தோலிக்கக் குருவுமான ஜோர்ஜ் லெமேத்ர், அண்டம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927இல் கணக்கிட்டுச் சொன்னார். தொலைவிலுள்ள உடுத்தொகுதிகள் நம்மைவிட்டு விலகி ஓடுவதை அமெரிக்கரான எட்வின் ஹபிள் 1929இல் அளந்து காட்டினார். அப்படியானால் பின்னோக்கிப் போகப் போக யாவும் ஒன்றாய் ஒடுங்கியிருந்த காலம் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று லெமேத்ர் 1931இல் எழுதினார். அந்த ஆதி வெப்பத்தின் மிச்சமாகிய கதிர்வீச்சை 1965இல் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் அறிவித்தனர். வான்கம்பியிலே ஓயாமல் கேட்ட இரைச்சலைப் புறாவின் எச்சம் காரணமோ என்று துடைத்துப் பார்த்த பின்பே அவர்களுக்கு அது விளங்கியது. அண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு என்பது இன்றைய கணக்கு.

பார்த்தீர்களா, ஒடுக்கத்திலிருந்தே தோற்றம் என்று நம் நூல்கள் அன்றே சொல்லிவிட்டன என்று இப்போது நாம் மேசையிலே தட்டினால் சபையிலே கைதட்டல் எழும். தட்டமாட்டோம். 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், இந்தப் புதிய விஞ்ஞானம் படைப்புக்குச் சான்று தருவதாக உரை நிகழ்த்தினார். அதைக் கேட்டு மகிழ வேண்டிய லெமேத்ரே அதை விரும்பவில்லை. தம் விஞ்ஞானக் கொள்கையை வேதாகமத்துக்கு முட்டுக்கொடுக்க நிறுத்தவேண்டாம் என்பது அந்தக் குருவின் நிலை. அவர் நேர்மை நமக்கும் வேண்டும். விஞ்ஞானக் கொள்கை திருந்தும், மாறும். அது அதற்கு அழகு. அதன்மேல் கோயிலைக் கட்டினால், அது மாறுந்தோறும் நாம் கோயிலைப் பெயர்க்க வேண்டிவரும். எப்படி விரிந்தது என்பதை விஞ்ஞானி அளக்கட்டும். தோன்றி ஒடுங்கும் ஒன்று ஏன் உண்டு என்ற நம் கேள்வி அவர் அளவுகோலுக்குள் அடங்குவதன்று.

இனி, ஒடுக்குபவனே தோற்றுவிப்பவன் என்றது ஏன்? அறுவடை முடிந்து, சூடடித்து, நெல்லை மூட்டையாக்கிய பின் வயலிலே ஒன்றுமில்லை. ஆனால் விதைநெல்லைப் பிரித்துக் கட்டி வீட்டிலே வைத்தவன் ஒருவன் இருக்கிறான். அடுத்த மழைக்கு விதைக்கிறவன் யார்? வைத்தவன்தான். வெட்டியவனும் விதைத்தவனும் ஒருவனே என்பதை அறியாதவன், வெட்டுகிற நாளிலே அவனைப் பயிருக்குப் பகைவன் என்று நினைப்பான். சங்காரம் என்ற சொல்லைக் கேட்டு அஞ்சுகிறோம். சித்தாந்தத்திலே அது இளைத்த உயிர்களுக்கு இளைப்பாறல். பொருள் இல்லாமற்போவதன்று, காரணத்திலே அடங்கியிருப்பது.

இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு காட்சி உண்டு. திருக்கோணமலைக் குன்றின்மேல் இருந்த பெருங்கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களிலே இடித்தார்கள்; அதன் கற்கள் கோட்டைக்குப் போயின. நம் தம்பலகாமத்து ஆதி கோணநாயகர் கோயில் அந்த அழிவின் பின்னே எழுந்தது. மலையிலே அழிந்தது வயல்வெளியிலே விளங்கியது. மலைக்கோயிலுக்குரிய திருமேனிகள் சில மண்ணுக்குள்ளேயே கிடந்தன. ஏறத்தாழ 330 ஆண்டு கழித்து, 1950இல், திருக்கோணமலையிலே கிணறு வெட்டியவர்களின் மண்வெட்டிக்கு அவை அகப்பட்டன. மலைக்கோயிலும் மீண்டும் எழுந்து 1963இல் குடமுழுக்குக் கண்டது. மண்ணுக்குள் கிடந்த காலத்திலே அத்திருமேனிகள் இல்லாமற் போயினவோ? இல்லை, தோன்றாமல் இருந்தன. ஆயினும் தாமாக ஏறி வரவுமில்லை.

இப்போது அந்த இரண்டாம் வினா. தயங்கித் தயங்கி மாணவர் கேட்டது இது: “கட்டு உடைந்ததையும் அவரா செய்தார்?”

எந்தக் கட்டு என்று இந்தச் சபையிலே சொல்ல வேண்டியதில்லை. எனினும் பின்னே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்லுவோம். 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் திகதி, விடியுமுன், கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தது. உறக்கத்திலிருந்தவர்கள்மேல் நீர் பாய்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் வயல்களும் அழிந்தன. பெரும்பாலும் ஏழைகள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று நீர் பார்த்துப் பாயவில்லை. பின்னர் 2004 திசெம்பர் 26இல் கடலும் வந்தது.

அந்நாட்களிலே ஒரு துக்க வீட்டில், சைவ நூல் கற்றவர் ஒருவர், பிள்ளையை இழந்த தாயைப் பார்த்து, “எல்லாம் அவரவர் வினை, அம்மா” என்று சொன்னதைக் கேட்டோம். அவர் நல்லவர், ஆறுதல் என்று நினைத்தே சொன்னார். அந்தத் தாய் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். நாமும் பேசாமலே இருந்தோம். அன்று பேசியிருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்றும் விட்டபாடில்லை. வினைக் கொள்கை மெய். ஆனால் அது அவரவர் தம்மைத் தாம் பார்த்துச் சொல்லிக்கொள்வதற்கு உரியது. அடுத்த வீட்டுப் பிணத்தைச் சுட்டிச் சொல்வதற்கு, எந்தப் பிணத்துக்கு எந்த வினை என்ற கணக்கு நம் கையிலே இல்லை. இல்லாத கணக்கை இருப்பதாகக் காட்டுவது சித்தாந்தமன்று.

கட்டை அவர் உடைத்தாரா? மண்கட்டு கவனிப்பாரின்றித் தளர்ந்தால் உடையும். அணை உடைந்தால் பொறியியலாளர் காரணம் தேடுவர். “தானாக உடைந்தது” என்றோ “இறைவன் உடைத்தான்” என்றோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. இறைவனை உலகின் நிமித்த காரணம் என்று சொன்னதனாலே மனிதனுடைய கவனக்குறைவுக்கும் அவனையே நிமித்த காரணமாக்கலாகாது. ஒரே கதிரவன் முன்னே ஒரு தாமரை மலர்கிறது, ஒன்று அரும்பாய் நிற்கிறது, ஒன்று வாடுகிறது என்று நம் ஆசிரியர்கள் உவமை காட்டினார்கள். கதிரவன் இல்லாமல் மூன்றும் நிகழா. ஆனால் வேறுபாடு தாமரையைப் பற்றியது.

“சரி ஐயா, இப்படி உடையக்கூடிய உலகத்தை ஏன் கொடுத்தார்?” என்று அவர் விடாமல் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நெல்லுக்கு உமியை ஒருவரும் பின்னே கொண்டுவந்து போர்த்தவில்லை. நெல் உள்ள அன்றே உமியும் உண்டு. உயிருக்கு ஆணவ மலமும் அவ்வாறே அநாதி. உமியைக் கையாலே தடவினால் போகாது, உலக்கை வேண்டும். உலகம் இறைவன் விளையாட்டுக்குச் செய்த பொம்மை அன்று, உயிரின் உமியை நீக்கக் கொடுத்த கருவி என்று சித்தாந்தம் சொல்லும். தோன்றி, நின்று, ஒடுங்காத உலகம் கருவியாகாது. இதை நாம் நம்புகிறோம். ஆனால் குத்துகிற உலக்கையின் கீழ்க் கிடக்கிற நெல்லுக்கு இந்த விளக்கம் எவ்வளவு ஆறுதல் தரும் என்று கேட்டால், அந்தத் தாய் எழுந்து உள்ளே போனதே நினைவுக்கு வருகிறது.

அநுமானம் நம்மைக் கோபுர வாசல்வரை கொண்டுபோய் விடும். முதல்வன் ஒருவன் உண்டு, அவன் அறிவுடையவன், ஒடுங்காதவன் என்பது வரையில் அது துணை. அவன் அருளுடையவன் என்பதை உள்ளே போனவர்கள் சொல்லத்தான் கேட்கிறோம். காட்சி, கருதல், உரை என்று அளவை மூன்றாக வைத்தது அதனாலேதான்.

சாயங்காலப் பூசைக்கு மணி அடிக்கிறார்கள். இன்னும் இரண்டு மூன்று பேர் கை உயர்த்தியிருப்பது தெரிகிறது. பூசை முடிந்து திருநீறு வாங்கிக்கொண்டு, எல்லாரும் மண்டபத்துப் படியிலேயே இருப்போம். அந்த மாணவர் முதலிலே கேட்கட்டும்.